பேட்டரி செத்திருக்கவில்லை

அவன் பொய் சொல்கிறான். என் அண்ணனின் வீடியோ கேம் கேசட்டை நாங்கள் அவன் கையில் கொடுத்த அன்று, அதற்குள் இருந்த பேட்டரி செத்திருக்கவில்லை. அவன் கண்ணெதிரே, அவன் கேமராவுக்கு எதிரே, எங்கள் வீட்டு டிவியில் அது வேலை செய்தது. அதற்குள் இருந்ததை அழித்தவன் அவன். அழித்ததை மறைக்க வேறொன்றை உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுத்தவனும் அவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது. செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. கெட்டுப்போன பீஸைக் கெட்டது என்று சொல்லித்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறேன். ஒரு பீஸ் கெட்டுப்போனதற்காக நாங்கள் யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. கெட்டது தெரிந்தும் நல்லதோடு கலந்து பெட்டியில் போட்டு அனுப்புகிறவனைத்தான் அனுப்பியிருக்கிறோம்.

அவன் என்று நான் சொல்வது அண்ணனின் கூட்டாளியை. பெயர் தேவையில்லை, படிக்கிறபோது அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பின் வரிசையில் இருந்தான். முதல் நாள் வாசலில் வந்து நின்றபோது அம்மா, "யாருடா நீ?" என்று கேட்டாள். "அவன் கூட்டாளி" என்று உள்ளே இருந்த அண்ணனைக் கை காட்டினான். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவன் கூட்டாளிதான். "கூட்டாளிக்கு ஒரு தட்டு வெய்யிடி" என்பாள். நாங்கள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் செகந்திராபாத் வந்த குடும்பம். அவர்களுடையதும் அப்படித்தான். அப்பாவும் அவன் அப்பாவும் ஒரே ஒர்க்‌ஷாப்பில், ஒரே ஷிப்டில், பக்கம் பக்கமாகச் சைக்கிளில் போய் வந்தார்கள். என் தட்டில் கை வைக்கக்கூடிய உரிமை அண்ணனுக்கு அடுத்து அவனுக்குத்தான் இருந்தது.

மஸ்கட்டில் இருந்த சித்தப்பா ஒரு விடுமுறையில் அந்த கேம் பெட்டியையும் ஒரே ஒரு கேசட்டையும் கொண்டுவந்தார். சாம்பல் நிறக் கேசட், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. மற்ற பிள்ளைகளிடம் இருந்த டிவி கேம்களில் கரண்ட் போனால் ஆட்டமும் போய்விடும், மறுநாள் முதலிலிருந்து ஆட வேண்டும். இதில் அப்படி இல்லை. விட்ட இடத்தைக் கேசட்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்காக அதன் உள்ளே நாணயம் போல ஒரு தட்டைப் பேட்டரி பற்றவைத்திருக்கும். அந்தப் பேட்டரி இருக்கும்வரை ஞாபகம் இருக்கும். மூன்று பேர் தனித்தனியாகத் தங்கள் ஆட்டத்தைப் பத்திரப்படுத்த அதில் இடம் உண்டு. முதல் இடம் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது கூட்டாளிக்கு. ஆயுத பூஜையன்று அப்பாவின் ஸ்பானர்களுக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்து முடித்த கையோடு அம்மா அந்தக் கேசட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். "அதுவும் அவன் ஆயுதந்தானே" என்பாள். வருடா வருடம் வைத்து வைத்து, அதன் காகித லேபிளில் படகுப் படத்துக்கு மேலே சிவப்பாக ஒரு கறை ஊறிப்போயிருந்தது.

ஆட்டம் என்னவென்றால், கடல் நிறையத் தீவுகள், ஒரு வீரன், அவனுக்கு ஒரு படகு. தீவு தீவாகப் போய்ப் பூதங்களைக் கொன்று கடைசியில் ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும். அண்ணன் நன்றாக ஆடுவான். கூட்டாளி அவனைவிட வேகமாக ஆடுவான். எனக்குச் சண்டை போடத் தெரியாது, எது வந்து இடித்தாலும் செத்துப்போவேன். படகு ஓட்ட மட்டும் பிடிக்கும். அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். எங்கே எவ்வளவு தூரம் போயிருந்தாலும், ஆட்டத்தை நிறுத்துவதற்கு முன்னால் வீரனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவான். ஒரு சிறிய தீவின் படகுத்துறையில் கொண்டுவந்து நிறுத்தி, அங்கேதான் பத்திரப்படுத்துவான். அந்தத் தீவின் குடாவில் பூதம் கிடையாது, சுறா கிடையாது. மறுநாள் பள்ளிவிட்டு வந்து நான் அவன் இடத்தைத் திறந்தால், வீரன் படகுக்குப் பக்கத்தில் தயாராக நிற்பான். "ஓட்டுடி. இங்க உன்ன யாரும் கொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியே கிரிக்கெட் ஆடப் போய்விடுவான்.

கூட்டாளிக்கு இது பொறுக்காது. போன தூரத்தையெல்லாம் மறுபடியும் போக வேண்டுமே என்று கத்துவான். "கைக்குடா, ஏன்டா அங்க போயி நிறுத்துற? கோட்டைக்கு முன்னாடி நிறுத்து. நாளைக்கு ஒரே அடி, கேம் ஓவர்." அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "அவ செத்துடுவாடா" என்பான். "சாவட்டுமே!" என்று கூட்டாளி என் தலையில் குட்டுவான். நான் அவன் காலை மிதிப்பேன். இது தினமும் நடந்தது. தினமும் நடந்தது என்பதால் அவன் இதை மறந்திருக்கவே முடியாது. பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு இது முக்கியம், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை அணைப்பதற்கும் எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. நேராகப் பவர் பொத்தானை அழுத்தி அணைக்கக் கூடாது. இடது கட்டைவிரலால் ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வலது கையால் பவரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அணையும் நொடியில் மின்சாரம் தடுமாறி, பத்திரப்படுத்தியது அழிந்துபோகலாம். கேசட்டோடு வந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. டிவியைச் செய்திக்காக அப்பாவுக்கு விட வேண்டிய நேரத்தில் அம்மா வந்து பட்டென்று அணைத்துவிடுவாள் என்று பயந்து அண்ணன் அவளுக்கும் அதைப் பழக்கிவிட்டான். அம்மா அதற்குப் பின் அந்தப் பெட்டியை வேறு மாதிரி அணைத்ததே இல்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும் ரீசெட்டைப் பிடித்துக்கொண்டுதான் அணைப்பாள்.

அண்ணன் ஐடிஐ முடித்து அப்பாவின் ஒர்க்‌ஷாப்பிலேயே அப்ரன்டிஸாகச் சேர்ந்த வருடம் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். தலைவலி என்று சீக்கிரம் நிறுத்திய ஆட்டம்தான் கடைசி ஆட்டம். அன்றும் திருப்பிக் கொண்டுவந்து படகுத்துறையில் நிறுத்தித்தான் அணைத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். தலையைப் பிடித்துக்கொண்டே, "நீ நாளைக்கு ஓட்டு" என்றான். மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு சின்ன விஷயம் உண்டு. படகுத்துறையில் நிற்கும்போது கொஞ்ச நேரம் எந்தப் பொத்தானையும் தொடாமல் விட்டால், வீரன் தானாகவே உட்கார்ந்துவிடுவான். பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீருக்கு மேலே காலை ஆட்டிக்கொண்டிருப்பான். ஆட்டம் செய்தவர்கள் வேடிக்கைக்காக வைத்தது. மற்ற இடங்களில் அவன் உட்கார மாட்டான், வாளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருப்பான். அண்ணன் போன பிறகு எத்தனையோ மாதம் கழித்து அம்மாதான் அந்தப் பெட்டியைத் திறந்தாள். நான் முதல் இடத்தை எடுத்துக் கொடுத்தேன். வீரன் நின்றான், உட்கார்ந்தான், காலை ஆட்டினான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ரீசெட்டைப் பிடித்துக்கொண்டு அணைத்தாள். அதிலிருந்து அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அவன் பிறந்தநாளுக்கும் ஆயுத பூஜைக்கும் கட்டாயம் உண்டு, மனம் சரியில்லாத சில மத்தியானங்களிலும் உண்டு. நான் சமையலறையில் இருந்தபடியே, "உக்காந்துகினானாம்மா?" என்று கேட்பேன். "இரு, இன்னும் நின்னுகினுதான் கீறான்" என்பாள். கொஞ்ச நேரத்தில், "ஹாங், உக்காந்துகினான்" என்று குரல் வரும். அவ்வளவுதான். அழுகை கிழுகை ஒன்றும் இருக்காது. ஒரு பொத்தானையும் தொட மாட்டாள். நானும் அந்தப் படகை அதன் பிறகு ஓட்டியதில்லை. ஓட்டி எங்காவது தவறிப் பத்திரப்படுத்திவிட்டால் அவன் நிறுத்திய இடம் மாறிவிடும் அல்லவா.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாச்சாரத்துக்கு வந்தோம், எனக்குக் கல்யாணமானது, அப்பா போய்ச் சேர்ந்தார். பெட்டியும் கேசட்டும் கூடவே வந்தன. கூட்டாளி படித்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கொண்டாப்பூரில் வீடு வாங்கிக்கொண்டான் என்று கேள்விப்பட்டோம். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய கேம் பெட்டிகளைப் பழுதுபார்த்து யூடியூபில் போடுகிறான் என்பதும் தெரிந்தது. ஒருநாள் அவன் வீடியோ ஒன்று என் போனில் வந்தது. பழைய கேசட்டுகளின் பேட்டரி எந்த நாளும் போய்விடலாம், போனால் உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காது, அதற்குமுன் மாற்றிவிடுங்கள் என்று அதில் சொன்னான். அவனுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "அது இன்னும் இருக்கா? நெஜமாவா?" என்று கேட்டான். குரல் உடைந்தது. அந்தக் குரல் உண்மையானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவும் விளக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். வழுக்கை விழுந்திருந்தது. அம்மா காலில் விழுந்தான். அம்மா அவன் தலையைத் தடவி, "இன்னாடா கூட்டாளி, முடியெல்லாம் எங்கடா வித்துட்ட?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். கோங்குரா பச்சடியும் ரசமும் வைத்துச் சாப்பாடு போட்டாள். பழையபடி என் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்தான். அதன்பின் டிவியில் பெட்டியை மாட்டினோம். கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, "அம்மா, கேமராவப் பாக்காதீங்க, டிவியப் பாருங்க" என்றான். "ஏன், என் மூஞ்சி நல்லா இல்லியா?" என்றாள் அம்மா. திரையில் மூன்று இடங்களும் வந்தன. அண்ணன் பெயர், என் பெயர், அவன் பெயர். மூன்றிலும் ஆட்டம் இருந்தது. அவன் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான். முதல் இடத்தைத் திறந்தேன். படகுத்துறை. வீரன் உட்கார்ந்தான், காலை ஆட்டினான். "தோ, உக்காந்துகினான் பாரு" என்று அம்மா கேமராவைப் பார்த்து, வேண்டுமென்றே கேமராவைப் பார்த்து, சிரித்தாள். கூட்டாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவ செத்துடுவாடான்னு சொல்லுவான்" என்றான். அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவன் வாயாலேயே சொன்னான்.

கேசட்டைக் கொடுப்பதற்குமுன் நான் கேட்டேன். எனக்குத் தெரிந்தவரை படித்து வைத்திருந்தேன். பழைய பேட்டரியை எடுத்த நொடியில் ஞாபகம் போய்விடும், அதனால் முதலில் அதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுக்க வேண்டும், புதியது போட்டபின் அந்த நகலைத் திரும்ப உள்ளே ஏற்ற வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. "காப்பி எடுத்துட்டுத்தானேண்ணா கழட்டுவீங்க?" என்றேன். "ஹவ் மா, ஆமா, மொதல்ல காப்பி, அப்புறந்தான் சூடு. கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு. டென்ஷன் நக்கோ, கவலப்படாத" என்றான். அம்மா கேசட்டை ஒரு துவைத்த கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். "ரீசெட்டப் புடிச்சிகினு அணைடா" என்றாள். "அம்மா, எனக்கேவா?" என்று சிரித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

வீடியோ வந்தது. இறந்த நண்பனின் கடைசி ஆட்டத்தைக் காப்பாற்றினேன் என்பதுபோலத் தலைப்பு. அம்மா என் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வீட்டுக்குள் அவன் நுழைவது இருந்தது, அம்மா பரிமாறுவது இருந்தது. எங்கள் டிவியில் படகுத்துறை வந்த பகுதி இல்லை. நேராக அவன் மேஜை. பற்றவைக்கிற சூட்டுக்கோலால் பேட்டரியைக் கழற்றுகிறான், புதியது வைக்கிறான், "ரெண்டு காப்பி எடுத்தாச்சு" என்கிறான். கடைசியில் திரையில் அண்ணன் பெயர் வருகிறது. கண்ணைத் துடைக்கிறான். பெயரோடு நிறுத்திவிட்டான், உள்ளே திறந்து காட்டவில்லை. கீழே ஊரே அழுதிருந்தது. எங்கள் அப்பாவுடையதும் இருக்கிறது அண்ணா, என் அக்காவுடையது இருக்கிறது அண்ணா, உங்களுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார்கள். அனுப்புங்கள் என்று எல்லாருக்கும் பதில் போட்டிருந்தான்.

கேசட் கூரியரில் வந்தது. வெளியூர்க்காரன் அல்ல, இதே ஊரில் கொண்டாப்பூரில் இருப்பவன். சாப்பிட்ட வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க அவனுக்குக் கால் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் கேசட் புத்தம் புதிதாக மின்னியது. லேபிளில் ஊறியிருந்த குங்குமத்தை ஏதோ மருந்து போட்டு எடுத்திருந்தான். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தொடச்சிட்டானா? சரி போ, அடுத்த பூஜைக்கு வெச்சிக்கலாம்" என்றாள். மாட்டினேன். முதல் இடத்தில் அண்ணன் பெயர். இரண்டாவது இடம் காலி. மூன்றாவதில் அவன் பெயர். எனக்கு அப்போதே ஏதோ சுருக்கென்றது. முதலைத் திறந்தேன். கோட்டை வாசல். தங்கக் கவசம் போட்ட வீரன், கையில் நெருப்பு வாள், மேலே உயிர் நிறைந்து வழிகிறது. அண்ணன் அந்த வாளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது கிடைக்கிற பனித்தீவுக்கே அவன் போய்ச் சேரவில்லை.

அம்மா காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். "உக்கார மாட்டேன்றானே" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது யாருடி?" என்றாள். அப்புறம் எழுந்துபோய் ரீசெட்டைப் பிடித்துக்கொண்டு அணைத்தாள். யாரோ ஒருவனுடைய ஆட்டத்தை, அழியாமல், முறைப்படி அணைத்தாள்.

அவனைக் கூப்பிட்டேன். முதல் தடவை, "புது பேட்டரி போட்டா சில நேரம் எடம் மாறித் தொறக்கும் மா" என்றான். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன்கூட இதைவிட நன்றாகப் பொய் சொல்வான். இரண்டாம் தடவை, நகல் எடுத்ததில் பாதி கெட்டுவிட்டது, உட்கார்ந்து சரிசெய்தேன் என்றான். "சரிசெஞ்சா தங்கக் கவசம் எங்கருந்து வந்துச்சு? என்னோடது எங்க?" என்றேன். "உன்னுதுல இன்னா இருந்துச்சு? ரெண்டாவது தீவக்கூட நீ தாண்டல. அதுக்குக் கைக்கு அழுற?" என்றான். அதுவரை அண்ணா என்றும் நீங்க என்றும் பேசிக்கொண்டிருந்தேன். "டேய், நகல் எடுத்தியா எடுக்கலியா, அத மட்டும் சொல்லு" என்றேன். போனை வைத்துவிட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பு அவன் போட்ட இன்னொரு வீடியோவில் பெருமையடித்திருக்கிறான். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் ஒரு மூச்சு நேரம் தாங்கும், கை வேகமாக இருந்தால் நகலே தேவையில்லை என்று. எங்கள் கேசட்டின் வீடியோவில், மேஜை ஓரத்தில் நகல் எடுக்கும் கருவி கிடக்கிறது. அதன் ஒயர் சுருட்டிக் கட்டியபடியே கிடக்கிறது. நகல் எடுப்பதைக் காட்டினால் பார்ப்பவர்களுக்குச் சலிப்பு, கை வேகத்தைக் காட்டினால் கைதட்டல். அவன் கையை நம்பினான், கை ஏமாற்றிவிட்டது. இது என் ஊகம். ஊகம் தப்பு என்றால் தப்பென்று அவன் சொல்லட்டும். பிறகு எங்கிருந்தோ கடைசிவரை ஆடிய ஆட்டம் ஒன்றை எடுத்து, அதில் அண்ணன் பெயரை எழுதி, தன் பெயரையும் எழுதி, உள்ளே ஏற்றினான். என்னை மறந்தேபோனான். கோட்டைக்கு முன்னால் நிறுத்து என்று சின்ன வயதில் கத்தியவன், கடைசியில் கோட்டைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டான். அண்ணன் ஏன் படகுத்துறையில் நிறுத்தினான் என்று தெரிந்த ஒரே வெளி ஆள் அவன். கடைசிவரை போன ஆட்டம் கிடைத்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம் என்று நினைத்தானோ என்னவோ. நிறைய வாள் இருந்தால் நல்ல ஆட்டம் என்பது அவன் கணக்கு.

இதுவரைக்கும்கூடப் பொறுத்திருப்பேன். கை தவறிப்போச்சு என்று வாசலில் வந்து நின்றிருந்தால் அம்மா அவனைத் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், அப்புறம் சாப்பிட்டுப் போ என்று சொல்லியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் வரவில்லை. நான் அவன் வீடியோவின் கீழே, இது என் அண்ணனுடைய ஆட்டம் அல்ல என்று எழுதினேன். அது காணாமல் போனது. மறுபடி எழுதினேன், வேறு சிலரும் பார்த்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவன் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விளக்கத்தை ஒட்டி வைத்தான். கேசட் தன் கைக்கு வரும்போதே பேட்டரி செத்துவிட்டிருந்ததாம். உள்ளே எதுவுமே இல்லையாம். அந்தக் குடும்பத்துக்கு அது தெரியாதாம். வயதான அம்மா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு மகன் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாராம். அவர் மனம் உடையக் கூடாது என்றுதான் தன் கையால் ஒரு ஆட்டத்தை உருவாக்கிக் கொடுத்தானாம். சில பொய்கள் மருந்து என்று முடித்திருந்தான். உங்களுக்குப் பெரிய மனசு அண்ணா என்று மறுபடியும் ஊர் அழுதது. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றைத் திருடிவிட்டு, திருட்டுக்கும் மாலை வாங்கிக்கொண்டான்.

அதை அம்மாவுக்கு யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். நான் வேலையிலிருந்து வந்தபோது அணைந்திருந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா கோபக்காரி, எனக்கு அது அவளிடமிருந்து வந்ததுதான். அவள் மெதுவாக, "ஏன்டி, நெஜமா அவன் உக்காந்துகினுதான் இருந்தானா? இல்ல எனக்குத்தான் அப்படித் தோணிகினு இருந்துச்சா?" என்றாள். நான் பார்த்தேன் என்றேன், அன்று நீ கேமராவைப் பார்த்துச் சிரித்தாயே என்றேன். "நீ எனக்காகச் சொல்லுவ" என்றாள். அதன்பிறகு அவள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. முன்பெல்லாம் கேஸை அணைத்தேனா என்று ஒரு தடவை பார்ப்பவள், இப்போது மூன்று தடவை போய்ப் பார்க்கிறாள். மாத்திரை போட்டேனா என்று என்னைக் கேட்கிறாள். அப்பா கடைசியாகச் சொன்னதை ஒருநாள் சொல்லிவிட்டு, "அப்படித்தானே சொன்னாரு?" என்று என் முகத்தைப் பார்த்தாள். தன் கண்ணை அவள் நம்புவதில்லை. படித்தவன், யூடியூபிலெல்லாம் வருகிறவன், வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவன் சொல்லிவிட்டான் அல்லவா.

ஆட்டம் போனது போனதுதான். கூட்டாளி, அதைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை, உன்னால் முடியாது. உன்னிடம் வேறொன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நீ எடுத்தது. மூன்று பெயரும், படகுத்துறையும், அவன் உட்கார்ந்ததும், அம்மா சிரித்ததும் அதில் இருக்கிறது. அதை நீ அழித்திருக்க மாட்டாய், எடுத்த எதையும் நீ அழிப்பதில்லை என்று நீயே பத்து இடத்தில் சொல்லியிருக்கிறாய். அதை வெளியிட்டால் நீ பொய்யன் என்று தெரிந்துவிடும். வெளியிடாவிட்டால் என் அம்மா தன்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே சாவாள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தங்கள் வீட்டுக் கேசட்டை உனக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

எனக்குத் தனியாகப் போன் செய்யாதே. வீட்டுக்கு ஆள் அனுப்பாதே. உன் சேனலில், உன் முகத்தைக் காட்டி, மருந்து என்று எழுதிய அதே இடத்தில் பதில் சொல். நீ கேமரா வைத்த அன்று எங்கள் டிவியில் அவன் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தானா, இல்லையா? அம்மா போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொல்.